தேதி இல்லாத பட்டியல்

மே 19, திங்கள்

இன்றிலிருந்து ஆலையில் தாள் கிடையாது என்று மேனேஜர் சதாசிவம் சார் சொல்லிவிட்டார். பராமரிப்புப் பிரிவின் வேலைகள் முழுவதும் செல்போனில் ஒரு குறிப்புச் செயலிக்குள் வரவேண்டும். பொறுப்பு என்னுடையது. பெருந்துறைப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சாயப்பட்டறைக்கு நான் வந்து பதினொரு வருடம். இதுவரை என் வேலை தட்டச்சு, கோப்பு, விடுப்புச் சீட்டு. "கோகிலவாணி இருந்தா போதும், எல்லாம் சரியா இருக்கும்" என்று சார் பத்துப் பேர் முன்னால் சொன்னது இதுவே முதல் தடவை.

மூன்று பட்டியல் வைத்திருக்கிறேன். இன்று, இந்த வாரம், பிறகு. முதல் இரண்டிலும் ஒவ்வொரு வேலைக்கும் தேதி உண்டு. தேதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். 'பிறகு' பட்டியலுக்குத் தேதி கிடையாது.

செயலி நன்றாகப் பிடிபட வேண்டும் என்று என் சொந்தக் கணக்கில் பூட்டுப்போட்டு இந்த நோட்டையும் தொடங்கியிருக்கிறேன். நாளைக்கு: உளுந்து ஊறப்போட வேண்டும். மகள் யாழினிக்குப் பள்ளிக்கூட ஷூ. கேஸ் சிலிண்டர் பதிவு.

மே 22, வியாழன்

பராமரிப்பில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பண்ணனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், தட்ட வராது. ஐம்பத்திரண்டு வயது. மகள் பழைய செல்லைக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு இந்த வெளாட்டெல்லாம் வேண்டாமுங் மேடம். நேர்ல வந்து சொல்லிப்போடறன்."

"நேர்ல சொன்னா எனக்கு மறந்துருமுங்கண்ணா. இந்த மைக் படத்த அழுத்திட்டுப் பேசுங்க, அது போதும்."

செல்லை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, மேடை ஏறியவர் மாதிரி விறைத்து நின்றார். "வணக்கமுங்க. மாரப்பன் பேசறனுங்க. மூணாம் நம்பர் பம்புல ஒரு மாதிரி இருமறாப்ல சத்தம் வருதுங்க. எண்ணெய் விட்டுப் பாக்கறனுங்க. அவ்வளவுதானுங்க, வெச்சரட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் பெயரில் தனி நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். எல்லோருடைய செல்லிலும் ஆலையின் வைஃபையை நானே ஏற்றி வைத்தேன்.

மே 29, வியாழன்

மாரப்பண்ணன் பழகிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு குரல் குறிப்பு. வால்வு, பெல்ட், தொட்டி மூடி. நான் கேட்டு, எழுத்தாக்கி, பட்டியலில் சேர்க்கிறேன்.

இன்றைய குரல் குறிப்பில் கேஸ் மீட்டரைப் பற்றிச் சொன்னார். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட வேண்டும். விஷவாயு இருந்தால் கத்தும். "வெளக்கு எரியுதுங் மேடம், ஆனாக் கத்த மாட்டேங்குது. முந்தாநேத்து மூடியத் தொறந்ததுமே எனக்குத் தலை சுத்துச்சு, அது பாட்டுக்குச் சும்மா இருக்குது." மாலையில் மீட்டரை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். 'இந்த வாரம்' பட்டியலில் போட்டேன்.

ஜூன் 4, புதன்

பதினேழு வரி சிவப்பு. பன்னிரண்டாம் தேதி வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களின் தணிக்கை. பெரிய திரையில் நம் பட்டியலைப் போட்டுக் காட்டுவதாகச் சார் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விரட்டினேன். சாயங்காலம் ஒன்பதாகக் குறைந்தது.

மீட்டரை அனுப்ப முதலாளியின் கையெழுத்து வேண்டும். அவர் ஊரில் இல்லை.

யாழினிக்கு ஷூ பத்தவில்லை. மாற்ற வேண்டும்.

ஜூன் 11, புதன்

ஒன்றே ஒன்று பாக்கி. மீட்டர். சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க கோகிலா, அது ஒண்ணு மட்டும் பொட்டு வெச்சாப்ல செவப்பா நிக்குது."

"அனுப்பலீங்க சார். பீரோவுலதான் இருக்குது."

"தணிக்கை முடியட்டும், அனுப்பிக்கலாம். இப்பத்திக்குத் தேதிய எடுத்துருங்க."

'பிறகு' பட்டியலுக்கு நகர்த்தினேன். விரலால் ஒரு இழுப்பு. திரை முழுக்க வெள்ளையும் பச்சையுமாக ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

தணிக்கைக்கு வந்த அம்மா திரையைப் பார்த்து, "இதை யார் பராமரிக்கிறார்கள்?" என்று கேட்டார். சார் என்னைக் கை காட்டினார். கைதட்டினார்கள். எனக்கு 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி வருமாம். வரும் வழியில் யாழினிக்குப் பால்கோவா வாங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

'இன்று' பட்டியலில் பதினொன்று. இரண்டாம் தொட்டியில் சேறு எடுப்பது மூன்று மாதத்துக்கொரு முறை தானாக வரும்படி வைத்திருந்தேன், சரியாக வந்திருக்கிறது. ஒன்பது பத்துக்கு மாரப்பண்ணன் போன் செய்தார். வழக்கமான விஷயம்தான். ஒன்பதரை மணிக்குச் சம்பளப் பிரிவோடு கூட்டம்.

ஜூன் 20

மாரப்பண்ணன் இறந்துவிட்டார்.

ஜூன் 21, சனி

சேறு இழுக்கும் குழாய் அடைத்துக்கொண்டதாம். அடைப்பை எடுக்க ஏணியில் இறங்கியிருக்கிறார். பாதி ஏணியிலேயே கை நழுவிவிட்டது. மேலே நின்ற ஒடிசாக்காரர் பூபன் அவரைத் தூக்க இறங்கி அவரும் மயங்கிவிட்டார். கயிறு கட்டி இழுத்ததில் பூபனுக்கு மூச்சு இருந்தது. மருத்துவமனையில் இருக்கிறார். மாரப்பண்ணனுக்கு இல்லை.

நான் அலுவலகத்தில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடும்போது அவரைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு காலில் செருப்பு இருந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவர் மனைவி தங்கமணி ஆலை வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரிப் போட்டார். மகள் அழவில்லை. அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பீரோவைத் திறந்தேன். மூடினேன்.

ஜூன் 23, திங்கள்

சார் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவரு பேசுன அந்தக் குரல் குறிப்பு இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார்."

"நாளைக்கோ மக்யா நாளோ தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. மீட்டர் கெட்டுக் கெடந்தது நமக்குத் தெரியும்னு ஆச்சுன்னா ஆலைய மூடிப்போடுவாங்க. முன்னூறு குடும்பமுங்க." குரலைத் தாழ்த்தி, "அத 'பிறகு'ல போட்டது உங்க பேருலதான் பதிவாயிருக்குது. நான் உங்களுக்காகத்தான் சொல்றன்" என்றார்.

ஒன்றை மட்டும் எடுத்தால் நடுவில் இடைவெளி தெரியும். அதனால் மாரப்பண்ணனின் நோட்டை முழுவதுமாக எடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொரு குறிப்புகள். செயலியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யும்வரை சார் பக்கத்தில் நின்றார். "நிரந்தரமாக நீக்கவா?" என்று செயலி ஒரு தடவைதான் கேட்டது.

வேறு சில சின்ன வேலைகளும் இருந்தன. செய்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

யாழினி சீருடைக்குப் பொத்தான் தைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

ஆய்வாளர் வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறார். இரண்டாம் தொட்டி அறையில் மீட்டர் அதன் கொக்கியிலேயே தொங்கியது, விளக்கும் எரிந்தது என்று எழுதிக்கொண்டார். இறந்தவர் அதைப் பயன்படுத்தாமலே அவசரப்பட்டு இறங்கியதாகத் தெரிகிறது என்று சார் சொன்னார்.

பிறகு ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

"மீட்டர் சரியில்லைன்னு முன்னாடி யாராச்சும் எழுதிக் கொடுத்திருக்காங்களாம்மா?"

"எழுத்துல எதுவும் வரலீங்க சார்."

பொய் இல்லை. அவர் எழுதவில்லை.

பூபனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லையாம்.

ஜூலை 3, வியாழன்

பதவிக் கடிதம் வந்தது. என் பெயரைச் சரியாக அடித்திருக்கிறார்கள். கணவரிடம் காட்டினேன். நடராஜ் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நான் எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். எண்ணெய் பட்டுவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. கீழ்வீட்டுக் குழாயிலிருந்து குடத்தில் தூக்கினேன். மேல்நிலைத் தொட்டியை எட்டிப் பார்க்கச் சொன்னார் நடராஜ். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

மாரப்பண்ணனின் மகள் மேகலா அலுவலகத்துக்கு வந்தாள். ஈரோட்டில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறாள். நாற்காலி போட்டேன். நுனியில் உட்கார்ந்தாள்.

"போலீஸ்ல அப்பா செல்ல வியாழக்கெழமதான் குடுத்தாங்க மேடம். சார்ஜ் போட்டுப் பாத்தன். நீங்க போட்டுக் குடுத்த ஆப்புல அப்பா பேசுனதெல்லாம் இருக்குது."

மேசைமேல் இருந்த கோப்பை மூடினேன்.

"எங்கூட்ல அப்பா பேசுன வீடியோ ஒண்ணுகூட இல்லீங்க மேடம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேமராவப் பாத்தா அந்தாண்ட போயிருவாரு. இதுல நாப்பத்தொண்ணு இருக்குது. ஒரே நாள்ல எல்லாத்தயும் கேட்டுட்டா தீந்து போயிரும்னு ஒரு நாளைக்கு ஒண்ணுதான் கேக்கறோம். நானும் அம்மாவும். இதுவரைக்கும் நாலு ஆச்சு." லேசாகச் சிரித்தாள். "பம்பு இருமறத அம்மா ரெண்டு தடவ போடச் சொன்னாங்க."

அவள் வந்த காரணம் இதுதான். செல் பழசு, சூடாகிறது, எந்த நேரமும் நின்றுவிடலாம். இந்தக் குரல்களை வேறு எதிலாவது ஏற்றித் தர முடியுமா? ரீசார்ஜ் முடிந்துவிட்டதால் அவளால் யாருக்கும் அனுப்பிப் பார்க்க முடியவில்லை.

செல்லை மேசைமேல் வைத்துச் செயலியைத் திறந்தாள். பட்டியல் வரிசையாக இருந்தது. 'மாரப்பன், மே 22' என்பதிலிருந்து கடைசிவரை. மே 29-ம் இருந்தது. அவள் இன்னும் அதற்கு வரவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். செல் அத்தனை நாளும் அணைந்து கிடந்ததால் அழித்தது அதற்குத் தெரியாது. இணையம் கிடைத்தவுடன் தெரிந்துவிடும், அதிலும் அழிந்துவிடும். இந்தக் கட்டடத்தின் வைஃபையை அந்தச் செல்லில் ஏற்றியதே நான்தான். கையை நீட்டி, இணையத்தைத் துண்டிக்கும் விமான முறைக்கு மாற்றினால் போதும். இரண்டு விநாடி வேலை. அந்த இரண்டு விநாடியில் நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. என் கை மேசைமேலேயே இருந்தது.

செல்லின் மேல் மூலையில் வைஃபை குறி வந்தது. முதலில் கடைசி வரி போயிற்று. பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல. பிறகு வெள்ளைத் திரை. 'குறிப்புகள் எதுவும் இல்லை.'

"மேடம், எங்க போச்சு?"

திரையைக் கீழே இழுத்தாள். மறுபடி இழுத்தாள். செல்லை அணைத்துத் திரும்பப் போட்டாள். "நான் ஏதாச்சும் அழுத்திட்டனா? நான் எதயும் தொடலீங்களே. மேடம், நான் தொடலீங்களே."

அப்பா இறந்த அன்று அழாத பெண். என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மாகிட்ட என்னன்னு சொல்வன்? நான்தான் கெடுத்துப்போட்டேன்."

"பழைய செல்லு கண்ணு. அப்படித்தான் ஆகும்" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஜூன் இருபதாம் தேதி ஒன்பது பத்துக்கு மாரப்பண்ணன் கேட்டது: "இன்னிக்குத் தொட்டி வேலைன்னு செல்லுல வந்திருக்குதுங் மேடம். மீட்டரு சரியாகி வந்துருச்சுங்களா?"

நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எதுவும் இல்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "பாக்கி எதுவும் இல்லீங்கண்ணா, எல்லாம் சரியாத்தான் இருக்குது. முடிச்சுட்டு டிக் போட்டுருங்க" என்றேன்.

"சரிங் மேடம்" என்றார்.

மீட்டர் அப்போது என் முதுகுக்குப் பின்னால் பீரோவில், மஞ்சள் பைக்குள் இருந்தது. இருபத்துமூன்றாம் தேதி மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டியது நான். சார் சொன்னார். மாட்டியது நான். பையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில்தான் இப்போது வெங்காயம் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

நடராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ போய்ச் சொன்னா அவரு எந்திரிச்சு வரப்போறாரா?"

"இல்ல."

"உன்னத்தான் புடிச்சு உள்ள வெப்பாங்க. அந்தாளு கையக் கழுவிட்டுப் போயிருவான். யாழினிய நெனச்சுப் பாத்தியா?"

"அந்தப் புள்ள தான்தான் அழிச்சுட்டோம்னு நெனச்சுட்டு இருக்குதுங்க."

நான் எழுந்து பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 19, சனி

பேருந்தில் போய், நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்து நடந்தேன். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. தங்கமணி அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கினேன். குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது, கீழே வைத்துவிட்டேன்.

"மேகலா, நீ எதயும் அழிக்கல. நான்தான் அழிச்சேன். ஜூன் இருபத்துமூணாந் தேதி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. வரிசையாகச் சொன்னேன். மே 29-ம் தேதி அவர் சொன்னது. பையோடு கொடுத்தது. தேதியை எடுத்தது. காலையில் வந்த போன். கொக்கி. ஆய்வாளரிடம் சொன்னது. சார் சொல்லித்தான் செய்தேன் என்று இடையில் ஒரு தடவை வாய்வரை வந்தது. ஒரு தடவை சொல்லியும்விட்டேன்.

தங்கமணி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "கேட்டுட்டுத்தான் எறங்குனாரா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகச் சொன்னார். "அவசரப்பட்டு எறங்கிட்டாருன்னு ஊரே பேசுச்சு. நானும் அவரத் திட்டிட்டு இருந்தனே. ஒரு மாசமா படத்துக்கு முன்னால நின்னு திட்டிட்டு இருந்தனே."

மேகலா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"நாப்பத்தொண்ணயும் நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"கேட்டிருக்கேன்."

"சொல்லுங்க."

"என்ன கண்ணு?"

"அப்பா என்ன சொன்னாரோ, அப்படியே சொல்லுங்க. அஞ்சாவதுல இருந்து."

சொன்னேன். வாய் கூசியது. வால்வு கசிந்தது, தொட்டி மூடியில் ஓணான் இருந்தது, மழையில் மண் சரிந்தது. ஒரு குறிப்பில் பேச்சை நிறுத்த மறந்து, பூபனிடம் "எம்புள்ள காலேசு போவுது, தெரியுமா உனக்கு?" என்று சொன்னது பதிவாகியிருந்தது. அதைச் சொன்னபோது மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினெட்டுவரை வந்தது. அதற்குமேல் எதைச் சொல்லத் தொடங்கினாலும் நான் பட்டியலில் எழுதிய வாசகம்தான் வந்தது. 'பெல்ட் மாற்ற வேண்டும்.' 'வால்வு கசிவு.' அவர் சொன்ன விதம் வரவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான் வருது."

ஜூலை 21, திங்கள்

ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பக்கம். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இந்த நோட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு நாளும் எழுதிய நேரம் செயலியில் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். முடித்துவிட்டு, "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

வழக்கில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது சதாசிவம் சார். அவர் முன்ஜாமீன் வாங்கிவிட்டார், ஆலைக்குப் போய்வருகிறார். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை நீதிமன்றம். அறிக்கையில் 'இறந்தவரின் கவனக்குறைவு' என்ற வரியை நீக்கி, மறுபடி எழுதுவதாக ஆய்வாளர் போனில் சொன்னார். தங்கமணி அக்காவுக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இன்று இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஜூன் முதல் வாரத்தில், மழை வருமா என்று மாரப்பண்ணன் என்னையே கேட்ட குறிப்பு. தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மேகலா வாசற்படியிலேயே நின்று வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஏதாச்சும் ஞாபகம் வந்தா எழுதித் தபால்ல போடுங்க" என்றாள். "நீங்க வராதீங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பேருந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று.